நெசவாளர் வீட்டில் ஓவியர் நூல்கள்



காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று கோயில், இன்னொன்று பட்டு. காலையில் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று தரிசனத்தை முடித்துக்கொண்டு, பகலில் காந்தி ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கி, மாலையில் புறப்பட்டுவிடுவார்கள். கோயிலைப் பார்க்கிறார்கள், புடவையைப் பார்க்கிறார்கள். அந்தப் புடவை பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மிகக் குறைவு.

இந்த முறை எழுத எடுத்துக்கொண்ட விஷயம் அந்த வீட்டைப் பற்றியது. பழைய வீடு ஒன்றை அருங்காட்சியகமாக வைத்து, அதற்குள் இக்கால ஓவியர்களின் படைப்புகளையும், அவர்கள் கையால் செய்த நூல்களையும் காட்டுகிற பழக்கம் மேல்நாடுகளில் வெகுநாளாக உண்டு. நம் நாட்டிலும் வந்துவிட்டது. இது காஞ்சிக்குப் பொருந்துமா? பொருந்தும் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் 'ஓவியர் நூல்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் இதை 'லீவ்ர் தார்த்தீஸ்த்' என்பார்கள். படம் போட்ட புத்தகம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. தாள், அச்சு, மடிப்பு, கட்டு எல்லாமே ஓவியரின் யோசனைப்படி அமைந்து, புத்தகமே ஒரு கலைப்பொருளாக நிற்க வேண்டும். 1900-ஆம் ஆண்டில் பாரிஸில் வொல்லார் என்ற ஓவிய வியாபாரி, வெர்லேன் எழுதிய கவிதைகளைப் பொன்னார் என்ற ஓவியரின் கல்லச்சுப் படங்களோடு வெளியிட்டார். தலைப்பு 'பாரலெல்மான்', அதாவது 'இணையாக'. அச்சிட்டது அரசாங்க அச்சகம். தலைப்பைப் பார்த்து ஏதோ ஜியோமிதி புத்தகம் என்று நினைத்து அதிகாரிகள் அனுமதி கொடுத்துவிட்டார்கள், உள்ளே இருப்பது காதல் கவிதை என்று பிறகுதான் தெரிந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கோப்பின் மேலட்டையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது! அந்தப் புத்தகம் அன்று விலை போகவில்லை. இன்று ஓவியர் நூல்களின் வரலாற்றை அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1913-இல் சாந்த்ரார் என்ற கவிஞரும் சோனியா தெலோனே என்ற ஓவியரும் சேர்ந்து ஒரு நூல் செய்தார்கள். புத்தகம்போல மடித்து வைத்திருக்கும். பிரித்தால் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரே தாளாக விரியும். ஒரு பக்கம் கவிதை, ஒரு பக்கம் வண்ணம். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, மடித்த புடவையை ஒரு வீச்சில் விரித்துக் காட்டும் கடைக்காரர் செய்வதும் அதுதான்.

தமிழில் இந்த உறவு மொழியிலேயே இருக்கிறது. இழைக்கும் நூல் என்று பெயர், புத்தகத்துக்கும் நூல் என்று பெயர். பவணந்தி முனிவர் தம் நன்னூலில், புலவர் நூல் செய்வதைப் பஞ்சிலிருந்து இழை நூற்பதோடு ஒப்பிட்டிருக்கிறார். நமக்கு அது உவமை. பிரான்சில் லியோன் நகரத்து நெசவாளர்கள் அதைச் செயலாகவே செய்து காட்டினார்கள்.

லியோன் அந்நாட்டின் பட்டு நகரம். 1886, 1887 ஆண்டுகளில் அங்கே ஒரு பிரார்த்தனைப் புத்தகம் தயாரானது. அதில் ஓர் எழுத்துகூட அச்சடித்ததில்லை. எழுத்து, ஓரச் சித்திரம், படம் எல்லாமே கறுப்பும் வெள்ளி நிறமுமான பட்டு இழையில் நெய்யப்பட்டவை. பழைய கையெழுத்துச் சுவடிகளின் அலங்காரத்தைப் பார்த்து எர்வியே என்ற பாதிரியார் வடிவமைக்க, ஆன்ரி என்பவரின் தறிகளில் நெய்தார்கள். இதற்குத் தேவைப்பட்ட ஜக்கார்டு அட்டைகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஐந்து லட்சம் வரை சொல்வோரும் உண்டு. செய்தது ஐம்பது பிரதிகளுக்குச் சற்று முன்பின். ஐம்பது பக்க அளவுள்ள ஒரு சிறு புத்தகத்துக்கு இவ்வளவு பாடு.

ஜக்கார்டு என்பது நம் பிள்ளையார்பாளையத்துக்குப் புதிய சொல் இல்லை. அது லியோன்காரர் ஒருவரின் பெயர். ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-இல் அமைத்த பொறி அது. ஓர் அட்டை, ஓர் ஊடை. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை எழும், இல்லாவிட்டால் எழாது. வரிசையாக அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் மயிலோ, யாளியோ, ருத்திராட்சமோ ஒவ்வொரு ஊடையாக உருவாகும்.

அந்தப் பொறி நம் தறிகளுக்கு மேலே ஏறுவதற்கு முன்னால் இங்கே இருந்தது 'அடை'. பாவு இழைகளோடு கட்டிய நூல் கண்ணிகளின் தொகுதி அது. எந்த ஊடைக்கு எந்த இழைகள் எழ வேண்டும் என்பது நூலிலேயே கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் அதைத் தூக்க, ஒருவர் நெய்வார். ஒரு தறியில் அடை கட்டத் தெரிந்தவர் ஒரு புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவருக்குச் சமம். இருபதாம் நூற்றாண்டில் ஜக்கார்டு பரவியபோது அடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றோடு அடை கட்டத் தெரிந்த கைகளும் குறைந்தன.

இதை யோசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். காஞ்சியில் ஓவியர் நூல்களைப் புதிதாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பதற்கு முன்னால், இங்கே ஏற்கெனவே இருந்தவற்றை அடையாளம் காண வேண்டும். நூலால் கட்டிய அடை ஒரு நூல். கயிற்றில் கோத்த ஜக்கார்டு அட்டைக் கட்டு ஒரு நூல். வடிவமைப்பவர் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பிய கிராப் தாள் ஒரு நூல். எந்தப் புடவைக்கு எத்தனை கிராம் பட்டு, எத்தனை மார்க்கு சரிகை, என்ன கூலி என்று எழுதிய கணக்குப் புத்தகம் இன்னொரு நூல்.

நெசவாளருக்கும் ஏட்டுக்கும் உள்ள தொடர்பு இந்த ஊரில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றியது. கச்சிப்பேடு நம் காஞ்சி. ஊரகம் நம் உலகளந்த பெருமாள் கோயில். அந்தக் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு இந்த ஊரின் நெசவாளர் சேரிகளில் இருந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததை அச்செப்பேடு சொல்கிறது. நெய்கிறவர் கோயிலையும் நிர்வகித்தார். செப்பு ஏடுகளை வளையத்தில் கோத்து முத்திரை வைத்த அதுவும் ஒரு நூல்தான். ஆனால் அது இருப்பது எழும்பூரில்.

காஞ்சி நெசவாளர் வீட்டின் கதையும் இப்படித்தான். அதைப் பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே தட்சிணசித்ரா இருக்கிறது. டெபோரா தியாகராஜன் அவர்கள் 1984-இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளையின் முயற்சி அது. 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். லாரி பேக்கர் வடிவம் தந்தார். பென்னி குரியகோஸ் தொடர்ந்து நடத்தினார். இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, கதவு, தூண், உத்தரம் எல்லாவற்றையும் அடையாளமிட்டுப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்ரகார வீடு, குயவர் வீடு இவற்றோடு காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் அங்கே நிற்கிறது.

அங்கே இக்கால ஓவியத்துக்கும் இடம் உண்டு. வரிஜா, கதம்பரி என்ற கூடங்களில் கண்காட்சிகள் நடக்கின்றன. பழைய வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே புதிய ஓவியத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே புதுக் கலை தனிக் கூடத்தில், பழைய வீடு தனி இடத்தில். இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப்போலப் பழகுகின்றன. ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கொச்சிக்குப் போக வேண்டும்.

கொச்சிக் கோட்டையில் கடலோரமாக ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பெரிய வளாகம் இருக்கிறது. 1867-இல் ஜான் ஆஸ்பின்வால் தொடங்கிய கம்பெனியின் இடம். மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய் எண்ணெய், கயிறு என்று கப்பல் ஏற்றிய வியாபாரம். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று தொடங்கிய முதல் கொச்சி முசிறி பினாலே அங்கேதான் நடந்தது. காலியாகக் கிடந்த கிடங்கிலும் அலுவலக அறைகளிலும் ஓவியர்களின் படைப்புகளை வைத்தார்கள்.

அதில் விவான் சுந்தரம் செய்த 'பிளாக் கோல்டு' என்ற படைப்பை இங்கே சொல்ல வேண்டும். கறுப்புப் பொன் என்றால் மிளகு. பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் குவிந்த மண்பாண்டச் சில்லுகளை வாங்கி, அவற்றால் ஒரு நகரத்தையே தரையில் அமைத்தார். அந்தப் பட்டணம்தான் சங்க காலத்து முசிறி என்பது அகழாய்வு செய்தவர்களின் கருத்து. மிளகு ஏற்றிய பழைய துறைமுகத்தை, மிளகு ஏற்றிய பிற்கால வியாபாரியின் கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்தச் சில்லுகளை டில்லியில் ஒரு வெள்ளைச் சுவர் கூடத்தில் வைத்திருந்தால் பார்ப்பவருக்குச் சில்லு மட்டும்தான் தெரிந்திருக்கும். அங்கே வைத்ததால் கட்டடமும் பேசியது.

பாரிஸிலும் இதுவே வழக்கம். விக்தர் ஹியுகோ வாழ்ந்த வீட்டை 1903-இல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். பால்சாக் 1840 முதல் 1847 வரை குடியிருந்த பாஸி வீடும் அப்படியே. எழுத்தாளரின் மேசை, நாற்காலி, மைக்கூடு இருக்கும் இடத்தில் அவரைப் படித்து வரைந்த பிற்கால ஓவியர்களின் படங்களையும் வைப்பார்கள். மேசையை ஒரு தடவை பார்த்தவர் மறுபடி வர மாட்டார். புதிதாக ஒருவர் அந்த மேசையைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார் என்றால் வருவார்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. பழைய வீட்டில் எதற்கு விளங்காத மாடர்ன் ஆர்ட் என்று கேட்பவர்கள் பலர். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டை வெறும் திரைச்சீலையாக வைத்து, எங்கே வேண்டுமானாலும் தொங்கவிடக்கூடிய படத்தை அங்கே தொங்கவிட்டால் வீட்டுக்கும் நஷ்டம், படத்துக்கும் நஷ்டம். ஆனால் பழைய வீடு தன்னைப் பற்றி எல்லாவற்றையும் தானாகச் சொல்லிவிடாது என்பதையும் நினைக்க வேண்டும்.

நெசவாளர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணை தெரியும், தூண் தெரியும், குழித்தறி தெரியும். அந்தக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் உட்கார்ந்தவரின் முதுகு வலி தெரியாது. கோர்வைப் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். அதற்கு மூன்று நாடா வேண்டும், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிப் போட ஒரு துணையாள் வேண்டும். பல காலம் அந்தத் துணையாள் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. பட்டு இழைத்து, தார் சுற்றிக் கொடுத்தது வீட்டுப் பெண்கள். அவர்கள் பெயர் எந்தக் கூலிச் சீட்டிலும் ஏறவில்லை. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்து நின்றது வீடு முழுவதும். இதெல்லாம் காலியான ஒரு தறிக்கூடத்தைப் பார்த்தால் தெரியாது. தெரிய வைப்பதற்கு யாராவது ஒருவர் ஒரு படைப்பு செய்ய வேண்டியிருக்கிறது. அது ஓவியமோ, மடிப்புப் புத்தகமோ, பேசும் குரலின் ஒலிப்பதிவோ, எதுவாகவும் இருக்கலாம்.

இதுதான் நான் சொன்ன நிபந்தனை. உள்ளே வருகிற புதுக் கலை, அந்த வீடு வாய் திறந்து சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஓவியங்களைச் சுவரில் மாட்டலாம். நூலை எப்படிக் காட்டுவது? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இரண்டு பக்கம்தான் தெரியும். மற்ற பக்கங்கள் இருந்தும் இல்லாத மாதிரி. கையில் கொடுத்தால் ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். இதற்கு ஒரு வழியைச் சென்னைத் திருவான்மியூரில் உள்ள தாரா புக்ஸ் காட்டியிருக்கிறது. கீதா வுல்ஃப் 1994-இல் தொடங்கிய பதிப்பகம் அது. கையால் செய்த தாளில், ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாகத் திரை அச்சில் ஏற்றி, கையால் தைத்துப் புத்தகம் செய்கிறார்கள். திரை அச்சுக்குச் சில்க் ஸ்கிரீன் என்று பெயர் வந்ததே ஒரு காலத்தில் பட்டுத் துணியைச் சட்டத்தில் கட்டி அச்சிட்டதால்தான். 2006-இல் வந்த, கோண்டு ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றிய புத்தகம் கறுப்புத் தாளில் அச்சானது. 2008-இல் இத்தாலியின் பொலோனியாவில் பரிசு பெற்றது. ஒன்றே ஒன்று என்றில்லாமல் ஆயிரக்கணக்கில் கையால் செய்வதால், ஒரு பிரதியைப் பெட்டியில் வைத்து இன்னொன்றைப் பார்ப்பவர் கையில் கொடுக்கலாம்.

அவர்கள் 2015-இல் செய்த இன்னொரு நூல் துணியால் ஆனது. குஜராத்தின் 'மாதா நி பச்சேடி' மரபில் வந்த ஜெகதீஷ் சிதாரா அதைச் செய்தார். கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத மக்கள் அம்மனைத் துணியில் எழுதி, அந்தத் துணியையே கோயிலாக்கிக்கொண்டார்கள் என்பது அந்த மரபின் கதை. மடித்தால் புத்தகம், விரித்தால் சந்நிதி. கோயிலும் துணியுமாக வாழும் நம் ஊரில் அந்த நூலை ஒரு நாள் விரித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

தயானிதா சிங் என்ற புகைப்படக் கலைஞரையும் இங்கே சேர்க்கலாம். 'ஃபைல் ரூம்' என்று 2013-இல் ஒரு நூல் போட்டார். மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கிய கோப்புகள், ஆவணக் காப்பறைகள், அவற்றின் நடுவே உட்கார்ந்திருக்கும் பாதுகாவலர்கள் என்று எங்கள் இனத்தையே படம் எடுத்திருக்கிறார். பிறகு 2017-இல், விசிறி மடிப்பாக விரியும் ஒன்பது சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்து 'மியூசியம் பவன்' என்று பெயரிட்டார். வீட்டு மேசையில் விரித்து நிறுத்தினால் அதுவே ஒரு கண்காட்சி.

ஆவண அறையோடு பழகியவன் என்ற முறையில் சில குறிப்புகளைத் தைரியமாகச் சொல்லலாம். தாளுக்கும் பட்டுக்கும் முதல் எதிரி வெளிச்சம். அருங்காட்சியகங்களில் இவற்றுக்கு 50 லக்ஸ் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அந்தி மங்கலில் ஒரு விளக்கேற்றிய அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் எதிரி ஈரம். முற்றம் வைத்த வீடு வெயில் காலத்தில் சுகம். ஐப்பசி அடைமழையில் கூடம் முழுவதும் ஈரக்காற்று. அந்த இரண்டு மாதம் மூல நூல்களை உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். மூன்றாவது இராமபாணப் பூச்சியும் கரையானும். ஓலைச்சுவடிக்கு நம் முன்னோர் வைத்த வசம்பும் வேம்பும் நொச்சியும் இன்றும் பயன்படும்.

ஒரே பக்கத்தை ஆண்டுக்கணக்கில் திறந்து வைக்கக் கூடாது. பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை நம் வீட்டுப் பெண்களிடம் சொல்ல வேண்டியதே இல்லை. மடிப்பிலேயே கிடந்தால் பட்டு விட்டுப்போகும், சரிகை ஒடியும் என்று அவ்வப்போது மடிப்பை மாற்றி வைப்பவர்கள் அவர்கள்தானே. சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. படம் மாட்டத் தனிச் சட்டம் நிறுத்தலாம்; பழைய தறிச் சட்டமே அதற்குப் போதும்.

காஞ்சியில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. அறிஞர் அண்ணா வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அவர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1942-இல் 'திராவிட நாடு' இதழை இந்த ஊரிலிருந்துதான் தொடங்கினார். 1953-இல் கைத்தறி நெசவாளர்கள் தேங்கிய துணியோடு திண்டாடியபோது, அவரும் அவர் கட்சிக்காரர்களும் தோளில் துணியைச் சுமந்து தெருவில் விற்றார்கள். அந்த நிகழ்ச்சியை ஓர் இளம் ஓவியர் துணியிலேயே நூலாகச் செய்து அந்த வீட்டில் வைத்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! சங்கீத வித்வான் நைனா பிள்ளை பெயரில் உள்ள தெருவில் 'காஞ்சிக் குடில்' என்று ஒரு பழைய வீட்டை அந்தக் கால வாழ்க்கையைக் காட்டும் இடமாக அமைத்ததும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தலைவர் வீடு உண்டு, வசதியான குடும்பத்து வீடு உண்டு. தறி ஓடிய சாதாரண நெசவாளர் வீடு ஒன்று, அதன் சொந்தத் தெருவிலேயே, பக்கத்து வீட்டில் இன்னும் தறிச் சத்தம் கேட்கும்போதே காக்கப்பட வேண்டும்.

வீட்டைக் காப்பது பெரியவர்கள் காரியம். அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் பணமும் சேர வேண்டும். அதுவரை நம்மால் ஆவது ஒன்று இருக்கிறது. குழியை மூடித் தரை போடும்போதும், வீட்டை இடித்து மாடி எழுப்பும்போதும், பரணில் கிடக்கும் அட்டைக் கட்டும், மங்கிப்போன கிராப் தாளும், அப்பாவின் கூலி நோட்டும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், போடாமல் வையுங்கள். எந்தப் புடவைக்கு உரியது, யார் நெய்தது, எந்த வருஷம் என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே செருகுங்கள். மை ஊறிவிடும், பென்சில் நிற்கும். வீடு அமையும் நாளில் முதல் அலமாரியில் வைக்க அவைதான் வேண்டும்.